ஒரு சாக்கு வெல்லம்

"சார், மீனெல்லாம் மேல வந்து என்னையே பாக்குது சார்!"

போனில் அருள்மேரி டீச்சரின் குரலில் அப்படி ஒரு பூரிப்பு. சனிக்கிழமை காலை. பெங்களூர் ஈஜிபுராவில் என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சிக்குக் கிளம்புகிற தோரணை. பல நாட்களில் குனிந்து லேஸ் கட்டுவதே பயிற்சியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

"எல்லா மீனுமா, டீச்சர்?"

"எல்லாம்! வாயைத் தொறந்து தொறந்து மூடுது. நேத்து வரைக்கும் நான் கிட்டப் போனாலே உள்ள ஓடிடும். இன்னைக்குக் கையை நீட்டினாக்கூட நகரல. பழகிடுச்சு சார். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்துப் பிள்ளைங்ககிட்ட வாங்காத பேரை மீனுங்ககிட்ட வாங்கிட்டேன்."

மீன் அப்படியெல்லாம் பழகாது. தீனி நேரத்தில் வரும், தின்னும், போய்விடும். தீனி இல்லாத நேரத்தில் மொத்தக் கூட்டமும் மேலே வந்து, வாயை நீர்மட்டத்தில் வைத்துத் திறந்து மூடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தண்ணீரில் காற்று தீர்ந்துவிட்டது. அது அன்பு இல்லை, மூச்சுத்திணறல். கல்யாணமான புதிதில் இந்த இரண்டையும் நானும் குழப்பிக்கொண்டவன்தான் என்பதால் டீச்சரைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

"டீச்சர், காத்து மோட்டார் ஓடுதா?"

"ஓடுது."

"நேத்து சாயங்காலம் தொட்டியில ஏதாவது போட்டீங்களா?"

"நீங்க போடச் சொன்னதைத்தான் சார் போட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"வெல்லம்."

"எவ்வளவு?"

"ஒரு சாக்கு."

ஒரு காலில் மட்டும் லேஸ் கட்டியிருந்தது. அப்படியே எழுந்து ஓடினேன்.

எக்செல்லில் மீன் சாவதில்லை

ஓடுகிறவனை அப்படியே ஓடவிட்டு ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் படித்துவரும் வாசகர் ஒருவர், "இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்றே புரியவில்லை, எதையும் சாதித்ததாகவும் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். இரண்டாவது பகுதியைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார். முதல் பகுதிக்குப் பதில் இது.

மீன் வளர்ப்புத் தொழிலைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும், தொடங்கிக் கொஞ்சம் வளர்ந்து முழிக்கிறவர்களுக்கும் யோசனை சொல்கிற நிலையம் ஒன்று பெங்களூரில் இருக்கிறது. கடல் முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் மீனுக்கு நிலையமா என்று கேட்கக் கூடாது. பனி விழாத ஊரில் ஃப்ரிட்ஜ் விற்பதில்லையா? அங்கே தண்ணீரைச் சோதிப்போம், தீனியைச் சோதிப்போம், மீனின் செவுளை நுண்ணோக்கியில் பார்ப்போம். பிறகு தொட்டிக்காரருக்கு என்ன செய்யலாம் என்று சொல்வோம். இதில் கடைசி வேலை என்னுடையது. அதாவது, மற்றவர்கள் கண்டுபிடித்ததை நான் சொல்வேன்.

வருகிறவர்கள் தண்ணீர் கொண்டுவருவார்கள். மினரல் வாட்டர் பாட்டிலில், டிபன் கேரியரில், ஒரு முறை சென்ட் பாட்டிலில். அந்தத் தண்ணீரில் மல்லிகை வாசம் தவிர வேறொன்றையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐ.டி. கம்பெனியை விட்டுவிட்டு வருகிற தம்பிமார்கள் லேப்டாப்போடு வருவார்கள். எக்செல் திறப்பார்கள். ஒரு தொட்டி, இரண்டு தொட்டி, எட்டுத் தொட்டி என்று கட்டம் கட்டமாக ஓடும். அந்த அட்டவணைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எக்செல்லில் மீன் சாவதே இல்லை.

சரி, இதையெல்லாம் சொல்கிற எனக்கு மீன் வளர்த்த அனுபவம் உண்டா? உண்டு. வீட்டு ஹாலில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். இப்போது அதில் என் மனைவி மணி பிளான்ட் வளர்க்கிறாள். நன்றாக வருகிறது.

திண்டுக்கல் டீச்சர்

அருள்மேரி டீச்சர் திண்டுக்கல் பக்கத்துப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகு, மகளுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்பதால், கணவர் செல்வராஜோடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலேயில் ஒரு வீடு பார்த்துக் குடிவந்தவர். கடையில், சந்தையில், ஆட்டோவில் எல்லாம் தமிழிலேயே காரியம் நடந்துவிடும் ஊர். "கர்நாடகாவுக்கு வந்தும் கன்னடம் கத்துக்கிற பாக்கியம் கிடைக்கல சார்" என்பார்.

வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தது. இரும்புக் கம்பி வலையை வட்டமாக வளைத்து, உள்ளே கெட்டித் தார்ப்பாய் விரித்து ஒரு தொட்டி போட்டார். அதில் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு விட்டார். இந்த மாதிரி சின்னத் தொட்டியில் நெருக்கமாக மீன் வளர்த்தால் கழிவு சேர்ந்து தண்ணீரில் அம்மோனியா ஏறும். அதைத் தின்று தீர்க்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேண்டும். அந்த நுண்ணுயிர்கள் இனிப்புப் பிரியர்கள். அதனால் வெல்லத்தைக் கரைத்து அளவாக ஊற்றுவோம். வெல்லம் அதிகமாகப் போனால் அவை கட்டுக்கடங்காமல் பெருகி, மீனுக்கு உள்ள காற்றையும் சேர்த்து மூச்சு விட்டுத் தீர்த்துவிடும். கல்யாண வீட்டில் இனிப்புப் பந்தி முதலில் வைத்தால் என்ன நடக்குமோ அதுதான்.

ஜிலேபிக்கு வெல்லமா என்று முதல் நாளே செல்வராஜ் கேட்டார். "கவனம் சார், மீனுக்குச் சர்க்கரை வியாதி வந்துடப்போவுது." லாரி ஓட்டி ஓய்ந்தவர். எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்து டீச்சர் பதறிக்கொள்வதாக அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு.

எங்கள் நிலையத்தில் ஒரு முறை உண்டு. முதலில் ஒரு தொட்டி, ஓர் அறுவடை. அதைப் பார்த்துவிட்டு ஒரு குழு உட்கார்ந்து, இவர் தேறுவார் என்று சொன்னால் இரண்டாம் கட்டம். நான்கு தொட்டிக்கான உதவி, ஒரு வருடம் முழுக்க ஆலோசனை. தேறமாட்டார் என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். இன்னொரு முறை சேர்க்கமாட்டோம். டீச்சருக்கு அந்தக் குழு உட்கார இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

அவர் தேறாமல் போவார் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. தினமும் காலையில் தண்ணீரைச் சோதித்து, அளவுகளைக் கோடு போட்ட நோட்டில் எழுதி, படம் எடுத்து எனக்கு அனுப்புவார். வெல்லத்தைத் தங்கம் மாதிரி நிறுப்பார். வினாத்தாளில் என்ன கேட்டிருக்கிறதோ அதைச் செய்ய வேண்டும், அதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அது அதிகப்பிரசங்கித்தனம் என்கிற பள்ளியைச் சேர்ந்தவர். நான் எழுதி அனுப்புவதை அப்படியே செய்வார்.

ஆபத்து அங்கேதான் இருந்தது.

மீனுக்கு மூச்சு

ஓடிக்கொண்டிருந்தவனிடம் வருவோம். ஸ்கூட்டரைக் கிளப்பும் முன்பே டீச்சரிடம் போனில் சொல்லிவிட்டேன். தீனி கூடாது. தொட்டியின் அடியில் உள்ள குழாயைத் திறந்து பழைய தண்ணீரை வெளியேற்றுங்கள். மேலே புதுத் தண்ணீரை விடுங்கள், குழாயை உயரத் தூக்கிப் பிடித்து மழை மாதிரி விழச் செய்யுங்கள்.

"அப்ப இது பழகினது இல்லையா சார்?"

போனைச் சட்டைப்பையில் போட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

நிலையத்துக்குச் சொந்தமான காற்று மோட்டார் ஒன்று ஆடுகோடியில் ஒரு பட்டறையில் ரிப்பேருக்குக் கிடந்தது. வழியில் அங்கே நிறுத்தினேன். பட்டறைக்காரர் ரியாஸ் பாய் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். என் காலைப் பார்த்தார்.

"க்யா சாப், ஒரு கால்ல லேஸு, ஒரு கால்ல இல்ல. வூட்ல தொரத்திட்டாங்களா?"

"பாய், மோட்டார் ரெடியா?"

"ரெடிதான். ஓட்டிப் பாக்கல."

"அங்க போய் ஓட்டிப் பாத்துக்கறேன். ஒரு தொட்டி மீன் மூச்சு முட்டிக்கிட்டு இருக்கு."

"மீனுக்கும் மூச்சு முட்டுதா? அல்லா! சில்க் போர்டு சிக்னல்ல நிக்கறப்ப நம்மளுக்கு முட்டுதே, அதுக்கு ஒரு மோட்டார் கொடுங்க சாப்" என்றபடியே, பத்து நிமிஷத்தில் அதை ஸ்கூட்டரின் பின்சீட்டில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். "உங்க லேஸையும் கட்டிவிடட்டுமா?" என்று கேட்டார். கிண்டலா அக்கறையா என்று இன்றுவரை தெரியாது.

ஒசூர் ரோட்டில் அன்றைக்குப் போனதுபோல் நான் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, முதுகில் இடிக்கும் ஒரு மோட்டாரோடு. வழி நெடுக ஒரே யோசனைதான். சாக்கு? நான் எப்போது சாக்கு என்று சொன்னேன்?

பாகு வாசம்

அத்திபெலேயில் அந்த வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதே மூக்கு சொல்லிவிட்டது. பழைய பாகு புளித்தால் வருமே, இனிப்பும் கள்ளும் கலந்த வாசம். தொட்டியின் மேல் பழுப்பு நுரை. நுரைக்கு நடுவே நூற்றுக்கணக்கான வட்ட வாய்கள். சத்தமில்லாமல் ஏதோ ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் இருந்தது.

செல்வராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டூலின்மேல் ஏறி நின்று குழாயைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். பாதித் தண்ணீர் அவர்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. டீச்சர் பக்கெட்டால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. போனில் கேட்ட பூரிப்பு எதுவும் மிச்சமில்லை.

மோட்டாரை இறக்கி இணைத்தேன். ஓட்டிப் பார்க்காத மோட்டார் ஒரு முறை இருமி, ஓடியது. ரியாஸ் பாய் நீடூழி வாழ்க.

குமிழிகள் கொப்பளிக்க ஆரம்பித்த பிறகு டீச்சர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை நீட்டினார்.

"தப்பா எதாவது செஞ்சிட்டேனா சார்? நீங்களே பாருங்க."

பார்த்தேன். முந்தின நாள் மாலை அவர் தமிழில் அழகாகக் கேட்டிருந்தார்: அம்மோனியா இன்னும் குறையவில்லை, வெல்லம் இன்னும் போடலாமா? அதற்கு நான், ஒரு கையில் மிளகாய் பஜ்ஜி இருந்த காரணத்தால் மறு கையின் கட்டை விரலால், இங்கிலீஷ் எழுத்தில் பதில் அடித்திருந்தேன்.

Vellam saku teacher. Air full-la vainga.

"எனக்கே அளவு ஜாஸ்தியா இருக்கேன்னு தோணுச்சு சார். ஆனா ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்களேன்னு இருந்தேன். பெரிய சாக்கா, சின்னச் சாக்கான்னு கேக்கலாம்னு பாத்தேன். முக்கியமான வேலையில இருப்பீங்க, தொந்தரவு வேணாம்னு விட்டுட்டேன்."

"இருந்ததுலயே சின்ன சாக்கைத்தான் எடுத்தோம்" என்றார் செல்வராஜ் ஸ்டூலிலிருந்து. "பத்து கிலோ. கரைக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. கையெல்லாம் எறும்பு."

"ஒரு தடவை கேட்டிருக்கணும்" என்றார் டீச்சர். "என் தப்புதான்."

இந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்து, "சரி டீச்சர், அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல மீனைப் பாப்போம்" என்றேன். கேட்க எவ்வளவு பொறுப்பாக இருக்கிறது பாருங்கள்.

சாக்கு

நான் எழுத நினைத்தது, வெல்லம் போதும் என்று. அதாவது இனிமேல் போடாதீர்கள் என்று.

பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்களுக்குச் சில சொற்கள் எந்த மொழியிலிருந்து வருகின்றன என்றே தெரியாது. கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி "சாக்கு சாக்கு" என்றுதான் சொல்வோம். வேலூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் சாம்பார் கரண்டியோடு திகைத்து நிற்பார்கள். என் நாக்குக்கு அது தமிழ்தான். போதும் என்று சொன்னால் புத்தகத்திலிருந்து படிப்பதுபோல் இருக்கும்.

கன்னடத்தில் அதே சொல்லுக்கு வளர்த்தல் என்றும் பொருள் உண்டு. வீட்டில் வளர்க்கும் நாயைச் சாக்கு நாயி என்பார்கள். தமிழ்க் காதில் அது கோணியில் கட்டிய நாயாகத்தான் விழும். எங்கள் நிலையத்தின் பெயர்ப்பலகையிலேயே மீன் வளர்ப்பைக் குறிக்கும் கன்னடச் சொல்லாக அந்தச் சாக்குதான் உட்கார்ந்திருக்கிறது. ஆக, வளர்ப்பதும் சாக்கு, போதும் என்பதும் சாக்கு. யோசித்தால் அதில் ஒரு தத்துவம்கூட இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்களுக்குப் புரியும்.

தமிழில் சாக்கு என்றால் கோணிப்பை. இங்கிலீஷ் எழுத்தில் இதையும் அதையும் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். டீச்சர் பஸ்ஸிலும் கடையிலும் அந்தக் கன்னடச் சொல்லைக் கேட்டிருக்கக்கூடும். ஆனால் தமிழில் கேட்ட கேள்விக்குத் தமிழில் வந்த பதிலுக்கு நடுவே அது வந்து நிற்கும் என்று அவர் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? வெல்லம், சாக்கு. கடையில் அது சாக்கில்தானே வருகிறது.

தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. செய்யாததற்குச் சொல்கிற காரணம். அடுத்த ஒன்பது நாட்கள் நான் அதில்தான் கைதேர்ந்தவனாக இருந்தேன்.

கட்டை விரல்

மதியம் தாண்டி, தண்ணீர் முக்கால்வாசி மாறிய பிறகு, வாய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மீன் கண்ணுக்குத் தெரியாமல் போவதைவிட அழகான காட்சி என் தொழிலில் கிடையாது. டீச்சர் விளிம்பைப் பிடித்தபடி, "போயிடுச்சு, போயிடுச்சு" என்று சின்னக் குரலில் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜிலேபிக் கெண்டை கெட்டி உயிர். மொத்தமும் போயிருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து மூன்று போயிற்று. அவற்றைத் தார்ப்பாய்த் துண்டில் வரிசையாக வைத்து எண்ணியது டீச்சர். இரண்டு முறை எண்ணினார். பிறகு செல்வராஜ் வேலியோரம் குழி தோண்டினார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அளவுப் படத்தோடு ஒரு வரியும் வர ஆரம்பித்தது. "அம்மோனியா இறங்கிவிட்டது. என் கவனக்குறைவுக்கு மன்னிக்கவும்." மறுநாள், "மீன்கள் தீனி எடுக்கின்றன. உங்களை அலையவிட்டதற்கு வருந்துகிறேன்." நான் ஒவ்வொன்றுக்கும் உயர்த்திய கட்டை விரல் படம் ஒன்றை அனுப்பினேன். தப்பு செய்த அதே கட்டை விரல்.

நேரில் போகும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நேரில் போனேன், செல்வராஜ் காப்பி கொடுத்தார், காப்பி குடிக்கும்போது சொல்வது சரியாக இருக்காது என்று பட்டது. போனில் சொல்லலாம் என்றால், இது போனில் சொல்கிற விஷயமா என்று பட்டது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் தெளிவாக, தடங்கலில்லாமல், நல்ல தமிழில் சொல்லிவிடுவேன். பக்கத்து பைக்குக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

குழு உட்காரும் முன் ஓர் அறிக்கை தரவேண்டும். அதில் இழப்புக்குக் காரணம் என்று ஓர் இடம். எதிரே நான்கு கட்டங்கள்: மின்தடை, நோய், தொழில்முனைவோரின் கவனக்குறைவு, மற்றவை. ஆலோசகர் என்று ஒரு கட்டம் கிடையாது. படிவத்தை வடிவமைத்தது ஆலோசகர்கள். நான் கட்டத்தை நிரப்பாமல் அனுப்பினேன். டீச்சர் தன் பக்க விளக்கத்தில், ஆலோசகரின் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று கோணாத கையெழுத்தில் எழுதி, ஆதாரமாக அந்தச் செய்தியின் படத்தையும் இணைத்திருந்தார்.

சரியாகத்தானே இருக்கிறது?

குழுவின் தலைவி நாகரத்னா மேடம் எங்கள் நிலையத்தின் இயக்குநரும்கூட. தமிழ் ஓரளவு புரியும், பேசுவது கன்னடமும் இங்கிலீஷும் கொஞ்சம் தமிழும். நியாயமானவர்; அதுதான் அன்றைக்குப் பிரச்சினை.

டீச்சர் வெளுத்த காட்டன் புடவையில், நோட்டைத் திறந்து தன் முன்னால் மேஜையின் விளிம்புக்கு நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். பரீட்சை எழுத வந்தவர் மாதிரி. செல்வராஜ் வெளியே பெஞ்சில் இருந்தார்.

மேடம் அந்தப் படத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"வெல்லம், அந்தரே பெல்லா. பெல்லா சாக்கு. சரியாகே இதெயல்லா?" என்றார். சரியாகத்தானே இருக்கிறது என்று அர்த்தம். பிறகு டீச்சருக்காகத் தமிழில் சொன்னார். "வெல்லம் போதும்னு தெளிவா எழுதியிருக்கார் இல்லையா அம்மா? நீங்க போட்டது பத்து கிலோ."

டீச்சர் மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"போதும்னா அதுக்கு அர்த்தம்?"

"கன்னடத்தில சாக்குன்னா போதும்."

"ஓ" என்றார் டீச்சர். நோட்டின்மேல் இருந்த கை மெல்ல மடிக்குப் போயிற்று. "அப்ப நான் தலைகீழா இல்ல செஞ்சிருக்கேன்."

நிலைமையைப் பாருங்கள். இதுவரை நான் பயந்துகொண்டிருந்த ஆதாரம் என்னை முழுசாக விடுதலை செய்துவிட்டது. மேடத்தையும் சேர்த்துக் குழுவில் இருந்த மூன்று கன்னடக்காரர்களுக்கும் என் செய்தி பளிங்கு மாதிரி தெளிவு. நான் பொய் சொல்ல வேண்டாம். சாக்குகூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். மேடத்தின் பேனா, கவனக்குறைவு என்ற மூன்றாவது கட்டத்துக்கு மேலே வந்து நின்றது.

தைரியம் வந்ததால் பேசினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் டீச்சர் அந்த நோட்டை மூடியதுதான் காரணம். பாதிப் பக்கம் வெற்றாக இருக்கும்போது அவர் நோட்டை மூடி நான் பார்த்ததே இல்லை.

"மேடம், அந்தக் கட்டம் வேணாம்."

"யாக்கே? ஏன்?"

"அவங்க கேட்டது தமிழ்ல. நான் பதில் சொன்னதும் தமிழ்லதான். நடுவுல ஒரு கன்னட வார்த்தையை, இங்கிலீஷ் எழுத்துல போட்டது நான். அதைத் தமிழ்ல படிச்சா ஒரு மூட்டை வெல்லம்னு அர்த்தம். அவங்க படிச்சதுல தப்பில்லை. தமிழ் தெரிஞ்ச யார் படிச்சாலும் அப்படித்தான் படிப்பாங்க. எத்தனை கிராம்னு எழுதாம அனுப்பினதும் நான்தான்."

மேடம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "இது ஃபைல்ல போகும், தெரியும்தானே?"

"போகட்டும் மேடம்."

"இதை ஏன் ரிப்போர்ட்ல எழுதல?"

படிவத்தில் கட்டம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

மேடம் மற்றவை என்ற கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் ஆலோசகர் என்று எழுதி, அடிக்கோடும் போட்டார். டீச்சருக்கு இரண்டாம் கட்டம் கிடைத்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது. மறு உத்தரவு வரும்வரை நான் எழுதுகிற ஒவ்வொரு யோசனையையும் இன்னொருவர் படித்துக் கையெழுத்து போட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். படிக்கப்போகிறவர் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் வட்டம் போடுவார்.

வெளியே, பெஞ்சில்

டீச்சர் வெளியே வந்ததும் நன்றி சொல்வார், நான் அடக்கமாக மறுக்கலாம் என்று ஒரு மாதிரியாக முகத்தைத் தயார் செய்துகொண்டு போனேன்.

"அப்ப அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்" என்றார். கேள்வி இல்லை.

"தெரியும் டீச்சர்."

"போனை நீட்டினேனே, அப்பவே."

"அப்பவே."

"ஒன்பது நாள் காலையில நான் மன்னிப்புக் கேட்டிருக்கேன்."

"ஆமாம்."

"நீங்க கட்டை விரலைக் காட்டியிருக்கீங்க."

செல்வராஜ் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். அடிவாங்கப் போகிறவனுக்கு இடம் விடுகிற பெருந்தன்மை.

"நான் சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துல கூடச் சொல்லிட்டேன் சார்!" என்றார் டீச்சர். இப்போதுதான் குரல் உயர்ந்தது. வராந்தாவில் தண்ணீர்ப் பாட்டில்களோடு காத்திருந்தவர்கள் திரும்பினார்கள். "என் அஜாக்கிரதையால நாப்பத்து மூணு உயிர் போச்சுன்னு முழங்கால் போட்டுச் சொல்லியிருக்கேன். ஃபாதர் என்ன நெனச்சாரோ, மூணு தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுங்கம்மான்னு அபராதம் கொடுத்தார். சொல்லியும் முடிச்சாச்சு. செய்யாத பாவத்துக்கு!"

"மேரி, கொஞ்சம் மெதுவா" என்றார் செல்வராஜ்.

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்கென்ன, எறும்பு கடிச்சதோட முடிஞ்சுது." என் பக்கம் திரும்பினார். "அந்த மூணையும் இப்ப நீங்க சொல்லணும்."

"டீச்சர், நான் வந்து..."

"நீங்க எந்தச் சாமி கும்பிட்டாலும் எனக்குக் கவலை இல்ல. பாவம் யாருதோ அபராதமும் அவங்களுதுதான்."

நோட்டைத் திறந்தார். அந்தப் பாதி வெற்றுப் பக்கத்தில், பேனாவை எடுத்து, தமிழில், சோதனை எண்களை எழுதுகிற அதே கோணாத கையெழுத்தில் முழு ஜெபத்தையும் எழுதினார். கடைசியில் முற்றுப்புள்ளி வைத்து ஊதிக் காயவைத்து என் கையில் கொடுத்தார்.

வராந்தா முழுக்க ஆட்கள். லேப்டாப்போடு ஒருவர், டிபன் கேரியரில் தண்ணீரோடு ஒருவர். எழுந்து நிற்பதா உட்கார்ந்து சொல்வதா என்று கேட்டேன். நின்றுதான் என்றார். நின்றேன். முதல் முறை படித்தேன். இரண்டாம் முறை பரவாயில்லை என்கிற மாதிரி தலையசைத்தார். மூன்றாம் முறை, சீக்கிரம் முடிக்கிற ஆர்வத்தில், நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

"மறுபடியும்" என்றார் டீச்சர். "முதல்லேருந்து."